இறுக்கிப் பூட்டிய உலோக முகங்களும் குளிரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா, சூளூர்ப்பேட்டை வட்டாரத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள், கல்லூரி ஆய்வகத்துக்குக் குளிர்க் கருவி கட்டுபவர்கள், கிரயோஸ்டாட்டை (கருவியை வெற்றிடத்துக்குள் வைத்துக் குளிர்விக்கும் கலத்தை) கழற்றி மாட்டும் ஃபிட்டர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். பேசப்போவது ஒரே ஒரு விஷயம்: இரண்டு உலோகத் துண்டுகளை ஸ்க்ரூ போட்டு இறுக்கினால், அந்த இணைப்பு வழியே திரவ நைட்ரஜன் குளிரிலும் (77 கெல்வின், அதாவது மைனஸ் 196 டிகிரி) திரவ ஹீலியம் குளிரிலும் (4.2 கெல்வின், மைனஸ் 269 டிகிரி) வெப்பம் எவ்வளவு கடக்கும், ஏன் கடக்காமல் போகிறது, அதற்கு என்ன செய்யலாம்.

நன்றாக இறுக்கிய இரண்டு செம்புத் துண்டுகள் ஒரே துண்டு மாதிரிதானே?

இல்லை. கண்ணாடி போலத் தெரியும் முகமும் மைக்ரான் அளவில் மேடு பள்ளம்தான். ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் மேடுகளின் உச்சி மட்டும் தொடும். இறுக்க இறுக்க அந்த உச்சிகள் நசுங்கும். சுமையைத் தாங்க எவ்வளவு அகலம் தேவையோ அவ்வளவு நசுங்கியதும் நின்றுவிடும். ஆக, உண்மையில் தொடும் பரப்பு என்பது விசையை உலோகத்தின் கடினத்தன்மையால் வகுத்தால் வருவது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50க்கு 50 மி.மீ. செம்புத் தகடு, நான்கு எம்4 (4 மி.மீ. விட்டம்) ஸ்க்ரூ, ஒவ்வொன்றும் 2,500 நியூட்டன் இழுக்கிறது. மொத்தம் 10,000 நியூட்டன். செம்பின் கடினத்தன்மையைச் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் என்று வைத்தால் தொடும் பரப்பு 12.5 சதுர மி.மீ. முகத்தின் பரப்பு 2,500 சதுர மி.மீ. அதாவது அரை சதவீதம். நான்கு மி.மீ. மிளகு ஒன்றைப் பாதியாக நறுக்கினால் தெரியும் வட்டம் எவ்வளவோ, அவ்வளவுதான் அந்தப் பெரிய தகட்டில் மொத்தமாகத் தொடுகிறது. அதுவும் ஒரே இடத்தில் இல்லை, ஆயிரக்கணக்கான புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கிறது.

மேசையில் வைத்துப் பார்த்தபோது நன்றாகத்தான் கடத்தியது. குளிர்ந்ததும் ஏன் கெட்டுப்போகிறது?

மேசையில் உங்களுக்கு உதவியது காற்று. தொடாத இடைவெளிகளில் காற்று நிறைந்து வெப்பத்தைக் கடத்திக்கொண்டிருந்தது. கிரயோஸ்டாட்டில் வெற்றிடம் போட்டதும் அந்த உதவி போய்விடும். இதே காரணத்தால்தான் இணைப்பை அப்படியே திரவ நைட்ரஜனில் முக்கிச் சோதிப்பதும் ஏமாற்றும்: திரவம் இடைவெளிக்குள் புகுந்துகொள்ளும், நான்கு பக்கமும் தழுவிக் குளிர்விக்கும். இணைப்பின் யோக்கியதை வெற்றிடத்தில்தான் தெரியும்.

இன்னொன்று, குளிரக் குளிர இணைப்பின் கடத்தலே இறங்குகிறது. உலோகமும் உலோகமும் நேரடியாகத் தொடும் புள்ளிகளில் வெப்பத்தைத் தூக்கிப்போவது எலெக்ட்ரான்கள். அங்கே கடத்தல் கெல்வின் வெப்பநிலையோடு நேர்விகிதத்தில் குறையும். நடுவில் ஆக்சைடு படலமோ கிரீஸோ இருந்தால் இன்னும் வேகமாக, வெப்பநிலையின் வர்க்கம் அல்லது கனத்தின் விகிதத்தில் சரியும். மூன்றாவது காரணம் ஸ்க்ரூ தளர்வது. அதுதான் இந்த வேலையில் அதிகம் கவனிக்கப்படாத விஷயம், கீழே விரிவாக எழுதியிருக்கிறோம்.

இதில் சிக்கலைக் கூட்டுவது, இணைப்பு மோசமாகும்போது செம்பு நல்லதாகிறது என்பது. ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் இருப்பதால் 20 கெல்வின் என்ற எண் இங்கே பலருக்கும் பழக்கம். ராக்கெட்டின் கிரயோ நிலையில் திரவ ஹைட்ரஜன் இருக்கும் குளிர் அது. நல்ல செம்பின் வெப்பக் கடத்துமை உச்சம் தொடுவதும் அந்த 20 கெல்வினை ஒட்டித்தான். அறை வெப்பநிலையில் மீட்டருக்கு கெல்வினுக்கு 400 வாட் இருப்பது அங்கே 2,000க்கு மேல் போகும், 4.2 கெல்வினுக்கு வரும்போதும் 600 இருக்கும். எனவே குளிர்க் கருவியில் தடை என்பது கம்பியிலோ தகட்டிலோ இருப்பதில்லை. அது மூட்டில்தான் இருக்கிறது.

எண்ணாகச் சொல்லுங்கள். எவ்வளவு மோசம்?

4.2 கெல்வினில், 445 நியூட்டன் (100 பவுண்டு) விசையில், வெறும் செம்பும் செம்பும்: கெல்வினுக்கு சுமார் 0.01 வாட். இரண்டு முகத்துக்கும் தங்க முலாம் பூசினால் அது 0.1 முதல் 0.2 வரை போகும். துருப்பிடிக்காத எஃகும் எஃகும் வெறும் செம்பைவிடவும் கீழே. ஒவ்வொரு முகத்தின் தயாரிப்பையும் பொறுத்து இவை இரண்டு மூன்று மடங்கு முன்னே பின்னே ஆகும். எத்தனையாவது தசம இடத்தில் எண் தொடங்குகிறது என்பதற்கு மேல் யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஒப்பிட ஒரு எண். 1 சதுர செ.மீ. குறுக்குவெட்டும் 10 செ.மீ. நீளமும் உள்ள நல்ல செம்புக் கம்பி அதே 4.2 கெல்வினில் கெல்வினுக்கு 0.63 வாட் கடத்தும். மேலே சொன்ன வெறும் இணைப்பு அந்தக் கம்பியைவிட அறுபது மடங்கு மோசம். அதாவது நடுவில் ஒரு வெறும் மூட்டு போட்டால், கம்பியை ஆறு மீட்டர் நீட்டியதற்குச் சமம்.

அப்படியானால் தொடும் முகத்தைப் பெரிதாக்கினால் போதுமே?

போதாது. பெரும்பாலும் பயனே இல்லை. 1956இல் ஆக்ஸ்ஃபோர்டில் பெர்மன் செய்த சோதனைகளிலிருந்து இன்றுவரை திரும்பத் திரும்பத் தெரிந்தது இதுதான்: குளிரில் அழுந்திய இணைப்பின் கடத்தல் மொத்த விசையைப் பொறுத்தது, முகத்தின் பரப்பைப் பொறுத்ததல்ல. பரப்பை இரட்டிப்பாக்கினால் அழுத்தம் பாதியாகிறது. தொடும் புள்ளிகளின் மொத்தக் கணக்கு மாறுவதில்லை. விசையை இரட்டிப்பாக்கினால் கடத்தலும் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

ஆகவே தகட்டை அகலமாக்கச் செலவழிக்கும் செம்பை ஸ்க்ரூவுக்குச் செலவழியுங்கள். எம்3 இடத்தில் எம்4, இரண்டு இடத்தில் நான்கு. தகடு மெல்லியதாக இருந்தால் ஸ்க்ரூவுக்கு அடியில் மட்டும் அழுந்தி நடுவில் தூக்கிக்கொள்ளும். தகட்டின் தடிமன் ஸ்க்ரூ விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். நாங்கள் பரிந்துரைப்பது, முகத்தின் நடுப்பகுதியை லேத்தில் அரை மி.மீ. குழித்துவிட்டு, ஸ்க்ரூ துளைகளைச் சுற்றியுள்ள வளையம் மட்டும் தொடும்படி விடுவது. தொடும் இடம் குறைந்ததே என்று கவலை வேண்டாம். மட்டமாக்க வேண்டிய பரப்பும் குறைகிறது, எங்கே தொடுகிறது என்பதும் உங்களுக்குத் தெரிகிறது.

ஸ்க்ரூ எவ்வளவு விசை தருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டார்க் ரெஞ்ச் (முறுக்குவிசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். விசை என்பது முறுக்குவிசையை, 0.2 பெருக்கல் ஸ்க்ரூ விட்டத்தால் வகுத்தால் வருவது. எம்4 ஸ்க்ரூவை 2 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால்: 2 ÷ (0.2 × 0.004) = 2,500 நியூட்டன். ஏ2-70 தர ஸ்டெயின்லெஸ் எம்4 இதன் ஒன்றரை மடங்கு வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும், எனவே பாதுகாப்பான அளவுதான்.

அந்த 0.2 என்பது உலர்ந்த மரைக்கு உரியது. எண்ணெய் பட்டால் 0.15க்கு இறங்கும், அதே முறுக்கில் விசை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவை ஸ்டெயின்லெஸ் நட்டில் உலர்வாக முறுக்கினால் மரை ஒன்றோடொன்று பிடித்து இறுகிவிடும், வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். மாலிப்டினம் டைசல்ஃபைடு பொடியைத் தொட்டுத் துடைத்தால் போதும். செம்பிலேயே மரை போடுவதானால் ஸ்க்ரூ விட்டத்தின் இரண்டு மடங்கு, எம்4க்கு 8 மி.மீ., ஆழம் பிடிக்கட்டும். திரும்பத் திரும்பக் கழற்ற வேண்டிய இடத்தில் சுருள் இன்செர்ட் (துளைக்குள் பொருத்தும் கம்பிச்சுருள் மரை) போடுங்கள், அல்லது துளையை ஊடுருவ விட்டு மறுபக்கம் நட்டு போடுங்கள். அடைபட்ட துளையில் காற்று சிக்கி வெற்றிடத்தில் நாள்கணக்கில் கசியும். ஸ்க்ரூவின் பக்கவாட்டில் அரத்தால் ஒரு நீளக் கோடு இழுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

குளிர்ந்ததும் ஸ்க்ரூ தளர்கிறது என்கிறீர்கள். எல்லாமே சேர்ந்துதானே சுருங்கும்?

சேர்ந்து சுருங்கும், ஆனால் ஒரே அளவில் இல்லை. அறை வெப்பநிலையிலிருந்து 4 கெல்வின் வரை போனால் நீளத்தில் குறைவது: துருப்பிடிக்காத எஃகு 0.296 சதவீதம், செம்பு 0.324, பித்தளை 0.384, அலுமினியம் 0.415, மாலிப்டினம் 0.1க்கும் கீழே, டெஃப்லான் 2க்கும் மேலே.

சின்ன எண்களாகத் தெரிகிறதா? 20 மி.மீ. தடிமன் உள்ள அடுக்கை எம்4 ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவால் 2,500 நியூட்டனுக்கு இறுக்கும்போது அந்த ஸ்க்ரூ நீள்வது வெறும் 29 மைக்ரான். உங்கள் விசை முழுவதும் அந்த 29 மைக்ரானில்தான் இருக்கிறது. செம்பு அடுக்கு எஃகைவிட 6 மைக்ரான் அதிகமாகச் சுருங்கும். ஐந்தில் ஒரு பங்கு விசை போய், 2,000 நியூட்டன் மிஞ்சும். பரவாயில்லை என்று விடலாம். ஆனால் அதே 20 மி.மீ. அலுமினியமாக இருந்தால்? 24 மைக்ரான் அதிகம் சுருங்கும். 29இல் 24 போனால் மிஞ்சுவது 500 நியூட்டன்கூடத் தேறாது. அறையில் கல்போல் இறுகியிருந்த மூட்டு குளிரில் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியே எடுத்துச் சூடானதும் மறுபடி இறுகிவிடும், அதனால் கையால் தொட்டுப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கு மூன்று வழி உண்டு.

செம்புக்குப் பித்தளை ஸ்க்ரூ. பித்தளை செம்பைவிட அதிகம் சுருங்குவதால் குளிரில் தானே இறுகும். எம்4 பித்தளையை 1.2 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்க வேண்டாம், அது 1,500 நியூட்டன் தரும். குளிர்ந்ததும் சுமார் 500 கூடி 2,000 ஆகும். எஃகு ஸ்க்ரூ 2,500இல் தொடங்கி இறங்கி நின்ற அதே இடத்துக்கு இது ஏறி வந்து நிற்கிறது. ஆனால் பித்தளையில் இறுக்கும்போது மரை சேதமாகும் பயம் குறைவு.

எஃகு ஸ்க்ரூவோடு மாலிப்டினம் வாஷர். தலைக்கு அடியில் வைக்கும் ஒவ்வொரு மி.மீ. மாலிப்டினமும் 2 மைக்ரான் திருப்பிக் கொடுக்கும். 20 மி.மீ. செம்புக்கு 3 மி.மீ. வாஷர் போட்டால் கணக்கு நேராகிவிடும். அலுமினியத்துக்கு 12 மி.மீ. தேவைப்படும், அது நடைமுறைக்கு ஒத்துவராது.

கூம்பு வாஷர், அதாவது பெல்வில் வாஷர். அலுமினியத்துக்கு இதுவே சரி. இது பத்தில் சில மி.மீ. அமுங்கி நிற்கும் வில். 24 மைக்ரான் போனாலும் விசை கொஞ்சம்தான் குறையும். முழுக்கத் தட்டையாகும்வரை இறுக்கினால் வில் என்ற பயனே போய்விடும், முக்கால்வாசியில் நிறுத்துங்கள். ஒன்றின் முதுகு மற்றொன்றின் வயிற்றில் படியும்படி அடுக்கினால் விசை கூடும். முகத்தோடு முகம் எதிரெதிராக அடுக்கினால் அமுங்கும் தூரம் கூடும். ஸ்டெயின்லெஸ் வாஷராகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண ஸ்ப்ரிங் எஃகு இந்தக் குளிரில் நொறுங்கும்.

டெஃப்லான் வாஷர், நைலான் வாஷர் எதையும் விசை கடக்கும் வழியில் வைக்காதீர்கள்.

செம்பு தன் மொத்தச் சுருக்கத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் 77 கெல்வினுக்குள் சுருங்கிவிடும். ஆகவே ஹீலியத்துக்குப் போகும் கருவியானாலும் முதலில் நைட்ரஜனில் இரண்டு மூன்று முறை குளிர்வித்துச் சூடாக்கி, அறை வெப்பநிலையில் மறுபடி டார்க் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

முகத்தை எப்படித் தயார் செய்வது? எவ்வளவு பாலிஷ்?

பளபளப்பு தேவையில்லை, மட்டம் தேவை. தடித்த கண்ணாடித் தகட்டின் மேல் எமரி பேப்பரை ஒட்டி, முதலில் 400, பிறகு 600. துண்டை எட்டுப் போடும் வாக்கில் தேய்க்க வேண்டும். பத்துத் தடவைக்கு ஒருமுறை துண்டைக் கால் சுற்றுத் திருப்புங்கள். முகத்தில் மார்க்கர் பேனாவால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுக்கொண்டால், எந்த மூலை இன்னும் தொடவில்லை என்று கோடே காட்டும். துளை விளிம்பில் எழும் பிசிறுதான் பெரிய எதிரி. 50 மைக்ரான் பிசிறு ஒன்று இருந்தால் முழு முகமும் அதன் மேல் ஏறி உட்காரும். துளை வாயைச் சற்றே அகலமாகச் சரித்துவிடுங்கள். பஃபிங் சக்கரத்தில் கொடுத்துவிடாதீர்கள். விளிம்பு உருண்டுபோகும், பஃபிங் சோப்பின் மெழுகும் அலுமினா தூளும் செம்பில் பதிந்துவிடும்.

பிறகு அசிட்டோன், அடுத்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். இதன் பிறகு கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முகத்தை வெறும் விரலால் தொடக் கூடாது. விரல் ரேகையில் இருக்கும் உப்பே ஒரு படலம்.

செம்பின் கறையைப் புளி போட்டுத் தேய்த்து எடுக்கலாமா?

புளி கறையை எடுக்கும்தான். வீட்டுச் செம்புக் குடம் அப்படித்தானே மின்னுகிறது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் ஆக்சைடைக் கரைக்கிறது. ஆனால் சக்கையும் சர்க்கரையும் மேடு பள்ளத்தில் தங்கும், கூடவே உப்பும் போட்டுத் தேய்த்தால் குளோரைடு தங்கி இரண்டே நாளில் பச்சை பிடிக்கும். அதே வேலையைச் சுத்தமாகச் செய்வது மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலம். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 50 கிராம், பத்து நிமிடம் ஊறல், காய்ச்சி வடித்த நீரிலேயே இரண்டு அலசல், ஆல்கஹால், உலர்ந்த நைட்ரஜன் ஊதல். ஊறலில் இருந்து எடுக்கும்போது செம்பு பளபளப்பாக இருக்காது, புதுச் செங்கல் போல மங்கிய இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறம்தான் ஆக்சைடு போன முகம். அடுத்த அரை மணி நேரத்துக்குள் பூட்டிவிடுங்கள். பழவேற்காடு ஏரிக் காற்று அடிக்கும் ஊரில் இதைத் தள்ளிப்போட முடியாது.

தங்க முலாம், இண்டியம், கிரீஸ்: எதைப் போடுவது?

அடிக்கடி கழற்ற வேண்டிய மூட்டுக்குத் தங்க முலாம். தங்கத்தில் ஆக்சைடு படியாது, மென்மையானது, உலர்வாகவே பூட்டலாம். இரண்டு முகத்துக்கும் 2 மைக்ரான் போதும். முலாம் பட்டறையில் சொல்ல வேண்டிய ஒரே வாக்கியம்: கீழே நிக்கல் வேண்டாம், நேராகச் செம்பின் மேல் மென்தங்கம். சொல்லாவிட்டால் வழக்கப்படி நிக்கல் போட்டுத்தான் மேலே தங்கம் வைப்பார்கள். வெள்ளி மலிவு, புதிதாக இருக்கும்போது நன்றாகவே கடத்தும். ஆனால் சதுப்பும் கழிமுகமும் சூழ்ந்த இந்தப் பகுதியின் கந்தக வாடைக்கு வெள்ளி சீக்கிரம் கறுக்கும்.

ஒருமுறை பூட்டி வருடக்கணக்கில் விடும் மூட்டுக்கு இண்டியம் தகடு. 0.1 மி.மீ. தடிமன் போதும். நகத்தால் கீறினாலே பள்ளம் விழும் உலோகம் இது, 4 கெல்வினிலும் மென்மையாகவே இருக்கும். மேடு பள்ளத்தில் பிதுங்கி நிரம்பிவிடும். பூட்டுமுன் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு நிமிடம் நனைத்து அலசினால் அதன் ஆக்சைடும் போகும். இறுக்கியதும் இண்டியம் மெல்ல மெல்ல வழிந்து விசையைக் குறைக்கும், ஆகவே இறுக்கி, நான்கு மணி நேரம் விட்டு, மறுபடி இறுக்கி, மறுநாள் காலை இன்னொருமுறை பாருங்கள். கழற்றினால் அந்தத் தகடு முடிந்தது, புதிதுதான். 3.4 கெல்வினுக்குக் கீழே இண்டியம் மீகடத்தி (மின்தடையே இல்லாத உலோகம்) ஆகிவிடும், அந்த நிலையில் குளிரக் குளிர வெப்பக் கடத்தல் சரியும்; 1 கெல்வினுக்கும் கீழே போகிறவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். தங்க முலாத்தின் மேல் இண்டியம் வைக்காதீர்கள். இரண்டும் அறை வெப்பநிலையிலேயே ஒன்றில் ஒன்று ஊறி நொறுங்கும் கலவையாகிவிடும்.

அப்பியசான் ‘N’ என்ற வெற்றிடக் கிரீஸ் எல்லாவற்றிலும் சுலபம், தவறாகப் போடுவதும் சுலபம். 4 கெல்வினில் இதன் கடத்துமை செம்பைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. மீட்டருக்கு கெல்வினுக்குச் சுமார் 0.1 வாட்தான். ஒரு சதுர செ.மீ. முகத்தில் 10 மைக்ரான் படலமாக இருந்தால் கெல்வினுக்கு 1 வாட் கடத்தும். தோசைக்கு எண்ணெய் விடுவதுபோலத் தாராளமாகப் பூசி 100 மைக்ரான் ஆனால் அது 0.1 ஆகிவிடும். கடுகளவு எடுத்து இரண்டு முகத்திலும் தேய்த்து, பிறகு துடைத்து எடுத்துவிட்டோமோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லியதாக விடுங்கள். சேர்த்து வைத்து அசைத்து அழுத்தி, பிதுங்கி வருவதை வழித்துவிட்டு இறுக்குங்கள். கிரீஸ் போட்ட மூட்டில் விசையைவிடப் படலத்தின் கனமே முக்கியம், பரப்பும் அங்கே கணக்கில் வரும். கணினிக் கடையில் விற்கும் வெள்ளை பேஸ்ட் வேண்டாம். சிலிக்கோன் எண்ணெய் வெற்றிடத்தில் எல்லா இடத்துக்கும் ஊர்ந்து பரவும்.

அலுமினியத்தை என்ன செய்வது?

முடிந்தால் மூட்டிலிருந்து விலக்குங்கள். சுரண்டிய நொடியிலேயே சில நானோமீட்டர் கனத்தில் கடினமான ஆக்சைடு மூடிக்கொள்ளும். தவிர்க்க முடியாவிட்டால், முகத்தில் கிரீஸ் தடவிவிட்டு அந்தக் கிரீஸுக்கு அடியிலேயே எமரியால் தேய்த்து, காற்றுப் படாமல் துடைத்துப் பூட்டுங்கள். கூம்பு வாஷர் கட்டாயம். சிங்கேட் செய்து (மெல்லிய துத்தநாகப் படலம் படியவைத்து) தங்க முலாம் போடுவது செலவானாலும் நிரந்தரத் தீர்வு.

எந்தச் செம்பு வாங்குவது? கடையில் எப்படிக் கேட்பது?

மின் பஸ்பார் (மின்பலகையில் மின்சாரம் கடத்தும் பட்டை) செம்பு நல்லது, ஆக்சிஜன் நீக்கிய உயர்தூய்மைச் செம்பு இன்னும் நல்லது. ஏசி மெக்கானிக்கிடம் கிடைக்கும் செம்புக் குழாயை வெட்டி விரித்துப் பயன்படுத்தாதீர்கள். அதில் பாஸ்பரஸ் கலந்திருக்கும். அறையில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. 4 கெல்வினில் அதன் கடத்துமை பஸ்பாரில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

எல்லை தாண்டி ஆந்திரப் பக்கம் வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. தெலுங்கில் செம்பு உலோகத்துக்கு ராகி என்றும் பித்தளைக்கு இத்தடி என்றும் வெண்கலத்துக்கு கஞ்சு என்றும் பெயர். அங்கே செம்பு என்று கேட்டால் தண்ணீர்ச் சொம்பு என்றுதான் அர்த்தமாகும். ஆர்டர் சீட்டில் காப்பர், பிராஸ் என்று எழுதி, பஸ்பார் தரம் என்றும் சேர்த்து எழுதிவிட்டால் இரு பக்கமும் குழப்பமில்லை.

பூட்டிய இணைப்பை அளந்து பார்ப்பது எப்படி?

மூட்டின் சூடான பக்கத்தில் 100 ஓம் ஹீட்டர் ஒன்று. இரு பக்கமும் மூட்டிலிருந்து சில மி.மீ. தள்ளி ஒவ்வொரு வெப்பமானி. 77 கெல்வினுக்கு பிளாட்டினம் பி.டி.100 போதும், அது அங்கே சுமார் 20 ஓம் காட்டும். 30 கெல்வினுக்குக் கீழே சிலிக்கான் டயோடு அல்லது செர்னாக்ஸ் என்ற வகை வெப்பமானி வேண்டும். எல்லாம் நான்கு கம்பி முறை. கம்பி செம்பாக இருக்கக் கூடாது, 0.1 மி.மீ. மாங்கனின் அல்லது பாஸ்பர் பிரான்ஸ் எடுத்து, குளிர்ந்த தூணில் 10 செ.மீ. நீளமாவது சுற்றி ஒட்டிய பிறகே வெப்பமானிக்குக் கொண்டுபோங்கள். வெற்றிடம் பத்தாயிரத்தில் ஒரு மில்லிபாருக்குக் கீழே.

முதலில் ஹீட்டரை அணைத்தபடியே இரண்டு வெப்பமானியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வெப்பநிலையில் அவை 0.1, 0.2 கெல்வின் வித்தியாசம் காட்டுவது சகஜம். அதைக் கழிக்காமல் எழுதிய எண்ணுக்கு மதிப்பில்லை. பிறகு 50 மில்லியாம்பியர் (0.25 வாட்), 71 மில்லியாம்பியர் (0.5 வாட்), 100 மில்லியாம்பியர் (1 வாட்). ஒவ்வொன்றிலும் எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள். வாட்டைச் செங்குத்து அச்சிலும் வெப்பநிலை வித்தியாசத்தைக் கிடை அச்சிலும் போட்டால் நேர்கோடு வர வேண்டும். கோட்டின் சரிவுதான் விடை. 4 கெல்வினில் வெறும் செம்பு மூட்டை அளக்கும்போது 1 வாட் கொடுக்காதீர்கள். 1 மில்லிவாட்டிலேயே 0.1 கெல்வின் வித்தியாசம் வந்துவிடும்.

நைட்ரஜன் செலவுக்குக் கணக்கு: 1 வாட் வெப்பம் மணிக்கு 22 மில்லிலிட்டரை ஆவியாக்கும். ஹீலியத்தில் அதே 1 வாட் மணிக்கு 1.4 லிட்டரைக் காலி செய்யும். டியூவரை (திரவ நைட்ரஜன் வைக்கும் வெற்றிடச் சுவர்க் குடுவையை) மூடிய வேனிலோ காரிலோ ஏற்றி ஏசி போட்டு ஓட்டி வராதீர்கள். ஒரு லிட்டர் திரவம் 700 லிட்டர் அளவுக்கு வாயுவாகும், நைட்ரஜனுக்கு வாசனை இல்லை, ஆக்சிஜன் குறைவதை மூளை எச்சரிக்காது. ஓட்டுநர் அறையோடு சேராத திறந்த வண்டி, மூச்சு விடும்படி தளர்ந்த மூடி, இரண்டும் கட்டாயம்.

குளிர்விக்காமலே மின்தடையை அளந்து தெரிந்துகொள்ளலாமா?

ஓரளவுக்கு. உலோகத் தொடுகையில் வெப்பத்தையும் மின்சாரத்தையும் அதே எலெக்ட்ரான்கள்தான் சுமக்கின்றன. வீடமான்–ஃபிரான்ஸ் விதிப்படி வெப்பக் கடத்தல் = 0.0000000244 × கெல்வின் ÷ ஓம். மூட்டின் தடை 10 மைக்ரோ ஓம் என்றால் 4.2 கெல்வினில் கெல்வினுக்கு 0.01 வாட். 1 ஆம்பியர் செலுத்தினால் 10 மைக்ரோ வோல்ட் வரும்; மின்னோட்டத்தைத் திருப்பிப் போட்டு இருமுறை எடுத்துச் சராசரி பார்த்தால் கம்பிகளில் தானே எழும் மின்னழுத்தம் கழிந்துவிடும். அறையில் இப்படி அளந்த தடை மோசமாக இருந்தால் குளிரில் அது திருந்தப்போவதில்லை, பிரித்து மறுபடி முகம் தேய்த்துவிடுங்கள். கிரீஸோ ஆக்சைடோ உள்ள மூட்டில் இந்தக் கணக்கு உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், ஏனெனில் அங்கே அணுக்களின் அதிர்வும் வெப்பத்தைக் கடத்துகிறது.

ஒருமுறை பிரித்துப் பூட்டினால் பழைய கடத்தல் திரும்பி வருமா?

வராது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். முதல்முறை இறுக்கும்போது மேடுகள் நிரந்தரமாக நசுங்கி ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்திவிடுகின்றன. அதனால்தான் விசையைச் சற்றுக் குறைத்தாலும் கடத்தல் அதே விகிதத்தில் இறங்காமல் உயரத்திலேயே நிற்கும். 10 சதவீதம் கூடுதலாக இறுக்கிவிட்டுப் பிறகு தளர்த்தி நிறுத்துவதில் இதனால் கொஞ்சம் ஆதாயம் உண்டு. பிரித்தால் அந்த அச்சு கலைந்துவிடும். வெறும் செம்பானால் மறுபடி எமரி, மறுபடி எலுமிச்சை உப்பு.

பிரிக்கும் நேரமும் முக்கியம். ஐப்பசி கார்த்திகை மழைநாளில் இந்தக் கரையோரக் காற்று 24 டிகிரியிலேயே பனித்துவிடும். உள்ளே எல்லா வெப்பமானியும் 300 கெல்வினைத் தொடும்வரை வெற்றிடத்தை உடைக்காதீர்கள். உடைக்கும்போதும் வெளிக்காற்றை விடாமல் உலர் நைட்ரஜனை விடுங்கள். குளிர்ந்த மூட்டில் வடிந்த நீர் உப்போடு உள்ளே தங்கி, ஒரே வாரத்தில் முகத்தில் பச்சைப் புள்ளிகளாகக் கிளம்பும். தயார் செய்த உதிரித் துண்டுகளைச் சிலிக்கா ஜெல் போட்ட ஜிப் கவரில் வையுங்கள்.

வெப்பம் கடக்கவே கூடாது என்றால் இதே தத்துவம் உதவுமா?

உதவும், அழகாக உதவும். கனமான குளிர்த் தொட்டியைத் தாங்க வேண்டும், ஆனால் தாங்கி வழியே வெப்பம் இறங்கக் கூடாது என்ற இடத்தில் ஒரே கட்டை எஃகுக்குப் பதில் மெல்லிய ஸ்டெயின்லெஸ் வில்லைகளை நாணயம்போல் அடுக்கி வையுங்கள். சுமையை அடுக்கு அப்படியே தாங்கும், ஒவ்வொரு முகச் சந்திப்பும் வெப்பத்துக்கு ஒரு தடையாக நிற்கும். 1956இல் அமெரிக்கத் தேசியத் தர ஆய்வகத்தில் மைக்செல், ஸ்காட் இருவரும் இப்படி அடுக்கிய தாங்கிகளை அளந்து, திட எஃகைவிட மிகக் குறைவாகவே வெப்பம் கடக்கிறது என்று காட்டினார்கள். வில்லைகளுக்கு நடுவே மாங்கனீசு டை ஆக்சைடு தூளைத் தூவியபோது இன்னும் குறைந்தது. இங்கே எமரியும் வேண்டாம், சுத்தம் செய்வதும் வேண்டாம். தகட்டு எஃகில் வெட்டிய வில்லை, வெட்டிய பரப்போடு அப்படியே. அடுக்கு பக்கவாட்டில் சரியாமல் நடுவில் ஒரு கண்ணாடி இழைக் குழாய் மட்டும் போதும். அந்தக் குழாய் மேலும் கீழும் முட்டாமல் ஒரு மி.மீ. குட்டையாக இருக்கட்டும், முட்டினால் சுமையும் வெப்பமும் அதன் வழியே இறங்கிவிடும்.